உங்களுக்குத் தெரியுமா? டீ வேண்டாம் என்பவரின் ரகசியம்

பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டில் தர்மபுரி பஸ்ஸுக்காக நிற்கும் பெரியவர்களில் சிலர், கூட வந்தவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் டீயைத் தொடமாட்டார்கள். சர்க்கரை இருக்கும் போலிருக்கிறது என்று நாமே நினைத்துக்கொள்வோம். "ஏறினா நடுவுல எறங்க முடியாதுப்பா" என்பதுதான் உண்மைக் காரணம். அதை அவர்கள் வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். மூட்டு வலி, நெஞ்செரிச்சல், கண் மங்கல் எல்லாவற்றையும் டீக்கடை பெஞ்சில் போட்டு அலசுகிற ஊரில், ஒண்ணுக்குப் போகிற சங்கதி மட்டும் வாய்க்குள்ளேயே கிடக்கிறது. இந்தத் தடவை துணுக்குகள் முழுக்க அதைப் பற்றித்தான். எது சாதாரணம், எது ஆரம்ப சுகாதார நிலையத்தோடு முடியும், எதற்கு யூராலஜிஸ்ட்டைத் தேடிப் போக வேண்டும்?

யானைக்கும் நமக்கும் ஒரே நேரம்

வளர்ந்தவர்களின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். 150, 200 மில்லி சேரும்போதே முதல் தகவல் மூளைக்குப் போய்விடும், அவசரம் பிறகுதான். பகலில் ஏழெட்டுத் தடவை, ராத்திரி ஒரு தடவை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த பாட்ரீசியா யாங்கும் டேவிட் ஹூவும் விலங்குகள் சிறுநீர் கழிக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்தார்கள். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகள் எல்லாம் சராசரியாக 21 நொடியில் காரியத்தை முடிக்கின்றன. பென்னாகரம் காட்டோரம் ராகிக் கொல்லையில் இறங்குகிறதே யானை, அதன் பை 18 லிட்டர் பிடிக்கும். அதற்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். குழாய் நீளமும் அகலமும் கூடக்கூட வேகமும் கூடிவிடுகிறது. 2015ல் இந்த ஆராய்ச்சிக்கு இக் நோபல் கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற வேலைகளுக்கான பரிசு அது. யானையே முடித்துவிட்டுப் போன பிறகும் நாம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தால் விஷயம் இருக்கிறது என்று பொருள்.

மோட்டாரா, பைப்பா?

"கிட்னி டாக்டர்" என்று நாம் ஒரே பெயரில் சொல்கிறவர்கள் இரண்டு வகை. போர்வெல் போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். சிறுநீரகம் என்கிற மோட்டார் ஓடுகிறதா, கிரியாட்டினின் ஏன் ஏறுகிறது, டயாலிசிஸ் வேண்டுமா என்று பார்ப்பவர் நெப்ராலஜிஸ்ட். பைப், தொட்டி, வால்வு, அடைப்பு, கசிவு எல்லாம் யூராலஜிஸ்ட். பெயர்ப்பலகையில் "டி.எம். நெப்ராலஜி" என்றிருந்தால் முன்னவர். "எம்.சிஎச். யூராலஜி" என்றிருந்தால் பின்னவர், அறுவை சிகிச்சை படித்தவர். ஆண்களுக்கான டாக்டர் என்று நினைத்துப் பெண்கள் அந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. சிறுநீர்ப்பை இருக்கிற எல்லோருக்கும் அவர்தான் டாக்டர்.

இருவரும் சேர்ந்தே செய்கிற வேலைகளும் உண்டு. இந்தியாவில் உயிரோடு இருப்பவரின் சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்கு வெற்றிகரமாகப் பொருத்தியது முதன்முதலில் 1971ல், வேலூர் சி.எம்.சி.யில். கத்தி பிடித்தவர் டாக்டர் மோகன் ராவ். மருந்துப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் கே.வி. ஜானி.

வலிக்காத ரத்தம்

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு துணுக்குக்குத்தான் நேரம் என்றால் இதைப் படித்துவிட்டு மூடி வையுங்கள்.

ஒருநாள் காலையில் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. பயந்துபோய் இளநீர் வெட்டிக் குடிக்கிறார். மறுநாள் தெளிவாகிவிடுகிறது. "ஒடம்பு சூடு, எளநீருக்குக் கேட்டுடுச்சு" என்று முடித்துக்கொள்கிறார். நாலைந்து மாதம் கழித்து மறுபடி ஒருநாள். மறுபடி இளநீர்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் வழக்கமான முதல் அடையாளமே இதுதான். தானாக வரும், வலிக்காது, தானாக நிற்கும். இளநீர் குடிக்காமல் இருந்தாலும் நின்றிருக்கும். வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்போம். வலிக்காததால் தங்கிவிடுகிறோம், அந்த இடைவெளியில் உள்ளே இருப்பது வளர்கிறது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ரத்தம் ஒரே ஒரு தடவை போயிருந்தாலும், அது நின்றே போயிருந்தாலும், வளர்ந்தவர்கள் யூராலஜிஸ்ட்டைப் பார்த்தே ஆக வேண்டும். காரணம் கல்லாக இருக்கலாம், கிருமியாக இருக்கலாம், ப்ராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம். புற்று இல்லை என்று வருகிறவர்களே அதிகம். ஆனால் அந்த வார்த்தை உள்ளே பார்த்தவர் வாயிலிருந்து வர வேண்டும், இளநீர்க்காரர் வாயிலிருந்து அல்ல.

"ஹார்ட்டுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறேன், அதனாலதான்" என்று சமாதானம் செய்துகொள்பவர்கள் உண்டு. அந்த மாத்திரை கசிவை அதிகமாக்கும். கசிகிற இடத்தை அது உண்டாக்கவில்லை. அவர்களும் பார்க்க வேண்டும்.

பொய்ச் சிவப்பும் உண்டு. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் ஆரஞ்சு நிறமாக்கும். சந்தேகம் இருந்தால் சாதாரண யூரின் டெஸ்ட் ஒன்றிலேயே ரத்தமா, சாயமா என்று தெரிந்துவிடும்.

பீடிப் புகை கடைசியாக இறங்கும் ஊர்

பீடி, சிகரெட் புகை நுரையீரலோடு நிற்கும் என்று நினைக்கிறோம். அதிலுள்ள அரோமாட்டிக் அமீன் என்ற நச்சுகள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கும். சிறுநீர்ப்பைப் புற்றுக்கு முதல் காரணமே புகைதான். ஆண்களுக்கு இது மூன்று நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லூட்விக் ரேன் 1895லேயே சாயத் தொழிற்சாலை ஆட்களிடம் இந்த நோயைக் கண்டு எச்சரித்தார். காரணம் அதே வகை வேதிப்பொருள்தான். சாயப்பட்டறையில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்கள் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். வேலையை விட்டு இருபது வருஷம் ஆனாலும் சொல்ல வேண்டும்.

உள்ளே போகிற கண்

சிஸ்டாஸ்கோபி என்றாலே "கேமராவை உள்ள விடுவாங்களாமே" என்று பலர் ஸ்கேனோடு ஓடிவந்துவிடுகிறார்கள். சிறுநீர்ப்பையைக் கண்ணால் பார்க்கும் கருவியை 1870களின் கடைசியில் மாக்சிமிலியன் நிட்ஸே செய்தபோது, சூடேறி ஒளிரும் பிளாட்டினம் கம்பிதான் விளக்கு. அது சுட்டுவிடாமல் இருக்கப் பக்கத்தில் தண்ணீர் ஓட வேண்டும். அந்தக் காலத்து நோயாளிகள் பயந்ததில் நியாயம் இருந்தது. இப்போது மரத்துப்போகிற ஜெல் தடவி, சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார்கள். ஒன்றிரண்டு நாள் எரிச்சல் இருக்கும். ஸ்கேனில் தப்பிவிடுகிற சின்னக் கட்டியும் இதில் மாட்டும்.

சளி மாத்திரையும் ராத்திரி ஆம்புலன்சும்

ப்ராஸ்டேட் என்பது வாலிபத்தில் பெரிய நெல்லிக்காய் அளவு. சிறுநீர்ப்பையின் வாயில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஐம்பதுக்கு மேல் பெரும்பாலான ஆண்களுக்கு அது பெருக்கத் தொடங்கும். நரை மாதிரி, அதுவே ஒரு நோயல்ல. அமுக்கத் தொடங்கும்போதுதான் தொந்தரவு. வந்த மாதிரி இருக்கும், போய் நின்றால் வராது. வந்தாலும் வேகம் இருக்காது. முடிந்து வேட்டியைக் கட்டிய பிறகு நாலு சொட்டு. ராத்திரி மூன்று நான்கு தடவை எழ வேண்டியிருக்கும்.

இப்படி ஓட்டிக்கொண்டிருப்பவர் மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கேட்டு இரண்டு சளி மாத்திரை வாங்கிப் போடுவார். மூக்கடைப்பு மருந்துகளில் சில சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும். தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்து பையின் தசையைத் தளர்த்திவிடும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அடிவயிறு கல்லாக இறுகி, ஒரு சொட்டும் வராமல் துடிப்பார். "நீர் கட்டிக்கிச்சு" என்று நம் பக்கம் சொல்வது இதைத்தான். இதற்கு விடியும்வரை காத்திருப்பதோ, வெந்நீர் ஒத்தடமோ, பார்லித் தண்ணீரோ உதவாது. குடித்தால் இன்னும் நிறையும். 108ஐக் கூப்பிட்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போனால் குழாய் வைத்து வடித்துவிடுவார்கள். வடிந்த அந்த நிமிடத்தில் சில பெரியவர்கள் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். யூராலஜிஸ்ட் அதற்கப்புறம், அந்த வாரத்திலேயே.

குழாயோடு மேடை ஏறியவர்

அந்தக் குழாய்க்கு ஃபோலி கதீட்டர் என்று பெயர். நுனியில் சின்ன பலூன். உள்ளே போனதும் ஊதிவிட்டால் வெளியே நழுவாது. அமெரிக்க யூராலஜிஸ்ட் ஃப்ரெடரிக் ஃபோலி 1930களில் கொண்டுவந்தது. அதை மாட்டியவுடன் "இனிமே வீட்டோட கெடக்க வேண்டியதுதான்" என்று மனம் ஒடிந்துபோகிறவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் உண்டு. பெரியார் தம் கடைசி ஆண்டுகளில் சிறுநீர் வடியும் குழாயோடும், அதைப் பிடிக்கும் பாத்திரத்தோடும்தான் வேனில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அதை அவர் மறைத்ததில்லை. 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் கடைசிப் பேச்சு. ஐந்து நாள் கழித்து வேலூர் சி.எம்.சி.யில் காலமானபோது வயது 94. அவர் கொள்கையை ஏற்காதவர்கள்கூட அந்தக் குழாயைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

நோயோடு ஊர் சுற்றிய இன்னொருவர் நம் பாப்பாரப்பட்டி மண்ணிலேயே உறங்குகிறார். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவைத் தொழுநோயைக் காட்டி ரயிலில் ஏற்ற மறுத்தார்கள். அவர் நடந்தும் மாட்டு வண்டியிலும் போய்ப் பேசினார். 1925 ஜூலை 23ல் இங்கேதான் கண் மூடினார். சிறுநீர்ப்பைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லைதான். உடம்பைக் காரணம் காட்டி வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளாத ஆட்களைப் பற்றிப் பேசும்போது, மணிமண்டபத்தைத் தினமும் கடந்து போகிற நமக்கு அவர் ஞாபகம் வராமல் எப்படி?

கசிவது நிரம்பியதால்

"ஒண்ணுக்குப் போகலேன்னு யாரு சொன்னது, நிக்காம சொட்டுது" என்பார்கள். தொட்டி நிரம்பினால் மேல்வாய் வழியாக ஒழுகுவதைப் போல, காலியாகவே முடியாத பை நிறைந்து வழிவதும் கசிவுதான். இந்த வகையில் வலியே இருக்காது, பின்னழுத்தத்தில் சிறுநீரகம் ஓசையில்லாமல் கெடும். ராத்திரி படுக்கை நனைக்கிற தாத்தாவை வயசாகிவிட்டது என்று திட்டாதீர்கள். அடிவயிற்றை ஒரு ஸ்கேன் எடுங்கள். கழித்த பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்ற ஒரு எண் போதும்.

கண் டாக்டரிடம் சொன்னீர்களா?

ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுபவர்கள், கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்து கருவிழிப் படலத்தைத் துவளவைத்து ஆபரேஷனைச் சிக்கலாக்கும். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்குத் தயாராக இருப்பார். மாத்திரை தொடங்கிய புதிதில் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். படுக்கையிலேயே கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு எழுங்கள்.

நான்கு சென்டிமீட்டர்

பெண்களின் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர். ஆண்களுக்கு இருபது. கிருமிக்கு நான்கு சென்டிமீட்டர் ஒரு தூரமே இல்லை. பெண்களில் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது நீர்க்கடுப்பு வந்துபோவது அதனால்தான். பெரும்பாலும் குற்றவாளி நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலை.

ஆனால் உடற்கூறு மட்டுமே காரணமில்லை. கொல்லை வேலை, நூறு நாள் வேலை, பெங்களூரு கட்டட வேலை எங்கே போனாலும் மறைவிடம் இல்லை. அதனால் காலையில் கிளம்பும்போதே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குப் பயந்து பாட்டிலைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுவரும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! இதற்கு மருந்து டாக்டரிடம் இல்லை. தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை கட்டித்தர வேண்டியவர்களிடம் இருக்கிறது.

ஒரு தடவை எரிச்சல் வந்தால் யூராலஜிஸ்ட் தேவையில்லை. உள்ளூர் டாக்டர் போதும். ஆறு மாதத்தில் இரண்டு தடவை, அல்லது ஒரு வருஷத்தில் மூன்று தடவை வந்தால் போக வேண்டும். ஆண்களுக்கு வந்தால் எதனால் என்று தேட வேண்டும். கர்ப்பிணிகளுக்குத் தொந்தரவே இல்லாமல் கிருமி மட்டும் இருந்தாலும் மருந்து தர வேண்டும், அதனால்தான் மாதாந்திரப் பரிசோதனையில் யூரின் கேட்கிறார்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலா வலி, வாந்தி சேர்ந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. அன்றைக்கே மருத்துவமனை.

அடிக்கடி வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆன்டிபயாட்டிக்கின் முதல் மாத்திரையை விழுங்கும் முன்பு யூரின் கல்ச்சருக்குக் கொடுங்கள். முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று எழுதி வரும். போன தடவை மிச்சம் வைத்த நாலு மாத்திரையை எடுத்துப் போடுவது, கிருமிக்கு நாம் கொடுக்கும் பயிற்சி.

கிருமியே வளராத சீழ்

யூரின் டெஸ்டில் சீழ் அணுக்கள் நிறைய. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. மாற்றி மாற்றி மருந்து கொடுத்தும் அடிக்கடி போவது நிற்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் காசநோயை நினைக்க வேண்டும். அது நுரையீரலில் மட்டும் வருவதல்ல. சிறுநீர்ப்பையில் நெடுநாள் தங்கினால் பை தழும்பேறிச் சுருங்கி, ஒரு டம்ளர்கூடப் பிடிக்காததாகிவிடும். சாதாரண கல்ச்சரில் அந்தக் கிருமி வளராது. தனிப் பரிசோதனை கேட்க வேண்டும்.

தும்மினால், சிரித்தால்

இரண்டு மூன்று பிரசவம் ஆன பெண்கள் தும்மும்போதும், குடம் தூக்கும்போதும் கொஞ்சம் நனைந்துவிடுவது ரொம்பச் சகஜம். அம்மாவுக்கும் இருந்தது, மகளுக்கும் இருக்கிறது, இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் துணி வைத்துக்கொள்கிறார்கள். 1948ல் ஆர்னால்ட் கீகெல் என்ற அமெரிக்க மகளிர் மருத்துவர் இதற்குச் சொன்ன பயிற்சி இன்றும் முதல் சிகிச்சை. காற்றை அடக்குவது போல அடித்தசையை இறுக்கி, ஐந்தாறு நொடி பிடித்து, விட வேண்டும். அரிசி களையும்போதும் செய்யலாம். மூன்று மாதம் விடாமல் செய்து பாருங்கள். பலன் இல்லையென்றாலும், எதுவோ கீழே இறங்குகிற மாதிரி கனத்தாலும் டாக்டரிடம் போங்கள். அந்தக் கனத்தை அடியிறக்கம் என்பார்கள். அதற்கு மகப்பேறு மருத்துவரும் யூராலஜிஸ்ட்டும் சேர்ந்தே பார்ப்பது நல்லது. பிரசவம் கஷ்டமாகி, அதற்கப்புறம் இரவு பகல் எந்நேரமும் ஒழுகுகிறது என்றால் அது வேறு. சிறுநீர்ப்பையில் துளை விழுந்திருக்கும். பயிற்சியால் ஆகாது, ஆபரேஷனால் மூட முடியும்.

பழமொழிக்கு ஒரு விலக்கு

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் பையில் அரை டம்ளர்கூடச் சேராதபோதே "இப்பவே போகணும்" என்று ஓடுகிறவர்களுக்கு, டாக்டர்களே அடக்கச் சொல்லித் தருகிறார்கள். இன்று ஐந்து நிமிடம், அடுத்த வாரம் பத்து என்று தள்ளிப்போட்டு, மிரண்ட பையைப் பழக்குவது. கிருமியும் அடைப்பும் இல்லை என்று பார்த்த பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

கல், பூளைப்பூ, பீர்

பொங்கலுக்கு முந்தின நாள் வாசலில் வேப்பிலை, ஆவாரம்பூவோடு காப்புக் கட்டுகிறோமே பூளைப்பூ, அதுதான் சிறுபீளை. நெருஞ்சிலோடு சேர்த்துக் கல்லடைப்புக்கும் நீர்ச்சுருக்குக்கும் சித்த மருத்துவம் காலங்காலமாகத் தருவது. சின்னக் கற்கள் பலவும் தண்ணீர் தாராளமாகக் குடித்தால் தானே வெளியேறுகிறவைதான், கஷாயத்தோடு வெளியேறினால் கஷாயத்துக்குப் பெயர். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. "பீர் அடிச்சா கல்லு கரைஞ்சிடும்" என்கிற வைத்தியத்தில்தான் ஆட்சேபணை. பீர் கல்லைக் கரைக்காது. சிறுநீர் அதிகம் போகும், அவ்வளவுதான். அடைப்பு இருக்கும்போது அதுவும் உபத்திரவம்.

வலி நின்றுவிட்டதா? கல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. குழாயை முழுக்க அடைத்துக்கொண்டு சும்மா இருக்கிற கல், சில வாரங்களில் சிறுநீரகத்தையே வீணாக்கும். மறு ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கல் வலியோடு குளிர் காய்ச்சலும் வந்துவிட்டால் அது மணி நேரக் கணக்கு. அடைபட்ட சீழை உடனே வடிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மருத்துவத்தில் "இது என் வேலை இல்லை, தெரிந்தவரிடம் போ" என்று எழுதிவைத்த முதல் நோயே சிறுநீர்ப்பைக் கல்தான் போலிருக்கிறது. பழைய கிரேக்கத்து ஹிப்பாக்ரடீஸ் உறுதிமொழியில், கல்லுக்காகக் கத்தி வைப்பதை அந்தத் தொழில் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவதாக மருத்துவர் சத்தியம் செய்கிறார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆப்ரஹாம் வர்கீஸ் 2009ல் எழுதிய "கட்டிங் ஃபார் ஸ்டோன்" நாவலுக்குப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. நம் நாட்டுச் சுஸ்ருதரோ கல்லை அறுத்தெடுக்கும் முறையை விவரமாகவே எழுதிவைத்தார்.

இருதய ஸ்டென்ட் இல்லை அது

கல்லை உடைத்த பிறகு சிறுநீரகத்துக்கும் பைக்கும் நடுவில் டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து அனுப்புவார்கள். இருதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் ஆயுளுக்கும் இருப்பது. இது சில வாரத்தில், அதிகம் போனால் சில மாதத்தில் எடுக்க வேண்டியது. வலி போய்விட்டது, பெங்களூரில் வேலை, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் குழாயின் மேலேயே கல் படிந்து, கல்லை எடுத்ததைவிடப் பெரிய ஆபரேஷன் ஆகிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் "ஸ்டென்ட்" என்ற சொல் இருக்கிறதா என்று வீட்டிலுள்ள படித்த பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் காலண்டரில் தேதியை வட்டமிடுங்கள்.

பல்லில் தெரிவது, முதுகில் தெரியாதது

தர்மபுரிக்காரர்களைப் பல்லின் கறையைப் பார்த்தே அடையாளம் சொன்ன காலம் உண்டு. போர்வெல் தண்ணீரின் ஃபுளோரைடு அப்படி. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாவிட்டால் ஒன்றரை என்பது இந்தியத் தர அளவு. ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் வந்ததே, அதன் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது. பழைய தண்ணீரை நாற்பது ஐம்பது வருஷம் குடித்தவர்களில் சிலருக்கு முதுகெலும்பு தடித்து, தண்டுவடத்தை நெருக்கும். கால் விறைப்பும் தள்ளாட்டமும் வரும். சிறுநீர் கட்டுப்பாடும் போகும். பையில் கோளாறே இருக்காது. கோளாறு அதற்கு வருகிற கம்பியில். கால் மரத்துப்போவதும் சிறுநீர் நிற்பதும் சேர்ந்து வந்தால், காரணம் ஃபுளோரைடோ, வட்டு விலகலோ, எதுவானாலும் அது அவசர கேஸ்.

முதலில் சர்க்கரையைப் பாருங்கள்

அடிக்கடி போகிறது, நிறையவும் போகிறது, தாகமும் எடுக்கிறது என்றால் யூராலஜிஸ்ட்டுக்கு முன்னால் சர்க்கரை டெஸ்ட். நீர் பிரியும் பி.பி. மாத்திரையைச் சாயங்காலம் சாப்பிட்டால் ராத்திரி எழ வேண்டியிருக்கும். காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல வருஷச் சர்க்கரை எதிர்த் திசையிலும் வேலை செய்யும். நரம்பு மரத்து, பை நிரம்பியதே தெரியாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் போகிறேன் என்று பெருமைப்படுகிற சர்க்கரைக்காரரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிற "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5ல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற அம்மாவிடம் இதையும் சொல்லலாம்.

ஆண் குழந்தை முக்கினால்

படுக்கையை நனைப்பது ஐந்து வயது வரை கவலையே இல்லை. அதற்கப்புறமும் பெரும்பாலும் தானே சரியாகும், அடித்தால் சரியாகாது. ஆறு மாதம் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைத்தால் சர்க்கரை, கிருமி இரண்டையும் பாருங்கள். பிறந்த ஆண் குழந்தை முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால் காத்திருக்கவே கூடாது. குழாயில் பிறவி வால்வு அடைப்பு இருக்கலாம், சிறுநீரகம் பிஞ்சிலேயே கெட்டுவிடும். வில் மாதிரி பாய்ந்து மேலே நனைக்கிறானா, சந்தோஷப்படுங்கள்.

போகும்போது எடுத்துப்போக வேண்டியவை

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் யூரின், சுகர் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2008ல் வந்த தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, சேலமோ, எங்கே போனாலும் யூராலஜி ஓ.பி. எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். காப்பீட்டு அட்டை, சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டைகள், பழைய ஸ்கேன் எல்லாம் கையில் இருக்கட்டும். வாசலில் இறங்கியதும் கழிப்பறைக்கு ஓடாதீர்கள், ஸ்கேனுக்கும் வேகம் பார்க்கும் டெஸ்டுக்கும் பை நிறைந்திருக்க வேண்டும். அந்த டெஸ்டில் நொடிக்கு 15 மில்லிக்கு மேல் வந்தால் நல்லது, 10க்குக் கீழே போனால் அடைப்பா என்று தேடுவார்கள்.

எல்லாவற்றையும்விட டாக்டர் சந்தோஷப்படுவது மூன்று நாள் கணக்கைப் பார்த்துத்தான். எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனீர்கள், என்ன குடித்தீர்கள் என்று பழைய நோட்டில் எழுதினால் போதும். அளப்பதற்கு மில்லிக் கோடு போட்ட பிளாஸ்டிக் டப்பா பாத்திரக் கடையில் கிடைக்கும். அதன் மேல் பெயின்டில் பெரிதாக ஏதாவது எழுதி, சமையல்கட்டுக்குத் தூரமாக வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படி எழுதாமல் விட்ட டப்பாவில் ஒருநாள் மோர் வந்தது.